வளவு வீட்டிலிருந்து ஒரு விண்கலம்: ‘ஊருணி’யை வரைந்து, செய்து, விளையாடிப் பார்த்த பதிவு

1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தவன் பறக்கும் தட்டில் வந்து இறங்கினான். அதற்குப் பிறகு எத்தனையோ கலங்களைத் திரையிலும் கைப்பேசி விளையாட்டுகளிலும் பார்த்துவிட்டோம். ஆனாலும் ஒரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்து விண்கலம் வரையச் சொன்னால் அது தட்டையோ கூர்மூக்கு ஏவுகணையையோதான் வரைகிறது. உள்ளே யார் எங்கே படுப்பார்கள், எங்கே உலை வைப்பார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டு விடுமுறைக் கூட்டத்துக்காக ஒரு பலகை விளையாட்டைச் செய்ய முனைந்தபோது, நான் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டேன். முதலில் உள்வீட்டை வரைவது, அதிலிருந்து கலத்தைப் பெறுவது, பிறகு அந்தக் கலத்தையே விளையாட்டுப் பலகையாக்கி ஆடிப் பார்ப்பது. ஆட்டத்தில் தேறாத எந்தப் பகுதிக்கும் கலத்தில் இடமில்லை என்பதே நான் வைத்துக்கொண்ட ஒரே விதி.

உள்ளிருந்து யோசித்த வடிவமைப்பாளர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடருக்காக எண்டர்பிரைஸ் கலத்தை வரைந்த மாட் ஜெஃப்ரீஸ், இயந்திரங்கள் ஆபத்தான அளவுக்கு ஆற்றல் கொண்டவையாக இருக்கும் என்று கருதி அவற்றை மனிதர் வாழும் பகுதியிலிருந்து விலக்கித் தூண்களின் நுனியில் வைத்தார். பழுதுபார்க்க வேண்டிய எதுவும் உள்ளிருந்தே எட்டும்படி இருக்க வேண்டும் என்பதால் வெளிப்பரப்பை வழுவழுப்பாக விட்டார். அந்தக் கலத்தின் புகழுக்கு அதன் அழகு எவ்வளவு காரணமோ, அந்த அழகுக்குப் பின்னால் இருந்த காரணங்களும் அவ்வளவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உள்வீட்டுக்கு மாதிரி தேடி நான் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எந்த ஊரில் நின்றாலும் நகரத்தார் வீடுகளின் அமைப்பு ஒரே ஒழுங்கில் நீள்கிறது. தெருவைப் பார்த்த திண்ணையும் முகப்பும், அதற்குப் பின்னால் நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடும் சுற்றிலும் தூண்கள் நிற்கும் பத்தியோடும் வளவு, வளவின் இரு பக்கமும் மணமான மகன்கள் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய அறைகள், அதையடுத்துப் பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படியும் கிணறும் உள்ள மூன்றாம் கட்டு, அதன் பின்வாசல் திறந்தால் அடுத்த தெரு. வாசற்கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முகப்பில் நிற்பவருக்குப் பின்வாசல் தெரியும். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாலும் ஒவ்வொரு குடும்பமும் தனிப் புள்ளியாகக் கணக்கிடப்பட்டுத் தன் அரிசி பருப்பைத் தானே வைத்துச் சமைத்துக்கொண்ட வழக்கமும் இந்த அமைப்போடு சேர்ந்ததே. நெடுங்காலம் ஒன்றாக அடைபட்டு வாழ வேண்டிய மனிதர்களுக்கு இதைவிட நன்றாகச் சோதிக்கப்பட்ட திட்டம் எனக்குத் தெரியவில்லை.

கிராஃப் தாளில் ஒரு வீட்டை 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் என்று வைத்து வரைந்தேன். வீட்டுக்கு நான்கு புள்ளி, புள்ளிக்கு நான்கு பேர் என்று பதினாறு பேர். இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. கால் எந்தப் பக்கம் ஊன்றும் என்ற கேள்வி வந்தவுடன் வேலை உண்மையிலேயே தொடங்கியது.

விண்வெளியில் எடை இல்லை. எடையை உண்டாக்க வேண்டுமானால் கலத்தைச் சுழற்ற வேண்டும். நிமிடத்துக்கு 2 சுற்று என்பது பெரும்பாலோருக்குத் தலைசுற்றல் தராத வேகம். அந்த வேகத்தில் பூமியின் முழு ஈர்ப்பும் கிடைக்க, அச்சிலிருந்து தரை சுமார் 224 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கலம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. செவ்வாயின் ஈர்ப்பு, அதாவது பூமியில் உள்ளதில் 0.38 பங்கு போதுமென்றால் ஆரம் 85 மீட்டராகச் சுருங்குகிறது; செவ்வாய்க்குப் போகும் கலத்தில் போகும்போதே அந்த எடைக்குப் பழகிக்கொள்வது நல்லதும்கூட. 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்காகக் கட்டப்பட்ட சுழலும் அரங்கம் சுமார் 11.6 மீட்டர் விட்டம் கொண்டது. அந்த அளவுள்ள சக்கரத்தில் நிலவின் ஈர்ப்பைப் பெறுவதற்கே நிமிடத்துக்கு 5 சுற்று வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, ஆரத்தில் கஞ்சத்தனம் கூடாது என்பது உறுதியாயிற்று.

அடுத்த கேள்வி, வீட்டைச் சக்கரத்தின் விளிம்பில் எந்தத் திசையில் கிடத்துவது என்பது. படங்களில் காட்டுவதுபோல் விளிம்பைச் சுற்றிக் கிடத்தினால் 60 மீட்டர் நீளத்துக்குத் தரை 40 பாகை வளைகிறது. முகப்பில் நிற்பவரின் பார்வைக்கோடு நேராகப் போகும். தரையோ நடுவில் அந்தக் கோட்டுக்குச் சுமார் 5 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். அதாவது பார்வை கதவுகளின் வழியே போகாமல் வளவின் உத்தரத்தில் முட்டி நிற்கும், பின்வாசல் தெரியாது. வீட்டைத் திருப்பி, சுழற்சி அச்சுக்கு இணையாகக் கிடத்திய உடனே நீளவாக்கில் தரை சமமாகிறது, வாசல்கள் மறுபடியும் ஒரே கோட்டில் நிற்கின்றன. அதோடு இன்னொரு நன்மையும் சேர்கிறது. சுழலும் வீட்டில் விளிம்பைச் சுற்றி நடப்பவரின் எடை மாறிக்கொண்டே இருக்கும். 85 மீட்டர் ஆரத்தில் தரை நொடிக்கு 17.8 மீட்டர் வேகத்தில் ஓடுவதால், சுழற்சியின் போக்கில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நடந்தாலே எடை ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடும். அச்சுக்கு இணையாக நடப்பவருக்கோ கோரியாலிஸ் விசை, அதாவது சுழலும் இடத்தில் நகர்பவரைத் தள்ளுவதுபோல் தோன்றும் விசை, முற்றிலும் இல்லை. முகப்பிலிருந்து அடுப்படி வரை ஆட்கள் நாள் முழுவதும் போய்வரும் அந்த நீண்ட நடையே கலத்திலும் மிக இதமான நடையாக அமைந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

அகலவாக்கில் வளைவு இருக்கத்தான் செய்யும். 20 மீட்டர் அகலத்தில் நடுப்பகுதியைவிட ஓரங்கள் சுமார் 60 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால்தான் எல்லா இடமும் சமதரையாக உணரப்படும். இதற்காகத் தரையை மூன்று பலகைகளாகப் பிரித்தேன்: நடுவில் 8 மீட்டர் அகலத்துக்கு முற்றம், இரு பக்கமும் பத்தியும் அறைகளும். பக்கப் பலகைகளை ஏறத்தாழ 5 பாகை உள்நோக்கிச் சாய்த்தால் போதும். முற்றம் தாழ்ந்தும் பத்தி உயர்ந்தும் இருக்கும் நம் வீட்டு வெட்டுத்தோற்றத்தோடு இது பொருந்திப் போயிற்று.

எத்தனை வீடுகள் வேண்டும் என்பதற்கான விடையை இயற்பியலே சொன்னது. சமநிலைக்கு எதிரெதிராக இரண்டு வீடுகள் போதும் என்று தோன்றும். ஆனால் அச்சுக்கு இணையாக நீளும் இரண்டு வீடுகளை எதிரெதிரே வைத்தால், நாம் சுழற்ற விரும்பும் அச்சின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) மூன்று அச்சுகளில் நடுத்தரமானதாக அமைந்துவிடுகிறது. நடுத்தர அச்சில் சுழலும் பொருள் நிலையாகச் சுழலாது. 1985இல் சோவியத் விண்வெளி வீரர் விளாதிமிர் ஜானிபெகோவ் சல்யூட்-7 நிலையத்தில் ஒரு சிறகு மரையைக் கழற்றியபோது, அது மிதந்து சுழன்றபடியே திரும்பத் திரும்பக் குட்டிக்கரணம் போட்டதற்கும் இதுவே காரணம். வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு கனத்த நோட்டுப் புத்தகத்தை ரப்பர் வளையம் போட்டு மூடி, தலைப்பு உங்களைப் பார்க்கும்படி இரு கைகளாலும் பக்க ஓரங்களைப் பிடித்து, மேல்விளிம்பு உங்களை விட்டு விலகிப் போகும்படி சுழற்றி எறிந்து பிடித்தால், புத்தகம் பக்கவாட்டிலும் புரண்டு வருவதைக் காணலாம். இரண்டு வீட்டுக் கலத்தில் குடியிருப்போரின் கதி அதுவே. 120 பாகை இடைவெளியில் மூன்று வீடுகளை வைத்தால் சுழற்சி அச்சே பெரும அச்சாகிவிடுகிறது, கலம் நிலைத்துச் சுழல்கிறது. அதனால்தான் கலத்தில் மூன்று வீடுகள். அதே காரணத்துக்காக, மூன்று வீடுகளையும் இணைக்கும் நடுத்தண்டை நீட்டாமல் 30 மீட்டரில் நிறுத்தினேன்.

நடுத்தண்டுக்குள் இருப்பது நீர்த்தொட்டி. கலத்துக்கு ‘ஊருணி’ என்று பெயர் வைத்தது அதனால்தான். ஊருக்கு நடுவே எல்லோருக்கும் பொதுவாக நீர் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, அந்த நீரே கதிர்வீச்சிலிருந்து காக்கும் சுவராகவும் இருக்க வேண்டும் என்பது திட்டம். 1972 ஆகஸ்டில் சூரியனிலிருந்து மிகக் கடுமையான துகள் புயல் ஒன்று கிளம்பியது. ஏப்ரலில் அப்பல்லோ 16 திரும்பிவிட்டது, அப்பல்லோ 17 புறப்பட்டது டிசம்பரில். இடைப்பட்ட காலமாகையால் விண்ணில் எந்தக் குழுவும் அதில் சிக்கவில்லை. மாதக்கணக்கில் பயணம் செய்யும் கலத்துக்கு அப்படி ஒரு வாய்ப்பை நம்பி இருக்க முடியாது. சூரிய வெடிப்பின் ஒளி 8 நிமிடத்தில் வந்து எச்சரித்துவிடும். ஆபத்தான துகள்கள் அதற்குப் பின்னால் வரும். அந்த இடைவேளைக்குள் 48 பேரும் வீடுகளிலிருந்து 85 மீட்டர் ஏறி, நீர்ச்சுவர் சூழ்ந்த நடு அறைக்குள் புகுந்துவிட வேண்டும். விளையாட்டின் உயிர்நாடி இதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மாதிரியைச் செய்த விதத்தைச் சொல்கிறேன். அளவு 1:500. வீடுகளுக்கு 3 மி.மீ. சன் போர்டு எனும் நுரை அட்டையில் 12 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமுமாக மூன்று துண்டுகள். ஒவ்வொன்றின் பின்புறமும் நீளவாக்கில் இரண்டு கோடுகளைக் கட்டரால் பாதி ஆழத்துக்கு மட்டும் கீறி, பக்கங்களை மெல்ல மடக்கி, பாகைமானியில் 5 பாகை வந்ததும் கீறலுக்குள் ஃபெவிகால் விட்டு, புத்தகங்களுக்கிடையே இரவு முழுவதும் வைத்துவிட்டேன். நடுத்தண்டுக்கு 32 மி.மீ. பிவிசி குழாயில் 6 செ.மீ. துண்டு. அதில் 120 பாகையைக் குறிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. தாள் கீற்று ஒன்றைக் குழாயைச் சுற்றி வைத்து, சுற்றளவு முடியும் இடத்தில் வெட்டி, அந்தக் கீற்றை மூன்றாக மடித்துக் குறியிட்டு மறுபடியும் சுற்றினால் மூன்று புள்ளிகளும் கிடைத்துவிடும். வீடுகளைத் தண்டோடு இணைக்கும் கைகளுக்கு மூங்கில் குச்சி. குழாயின் மையத்திலிருந்து வீட்டுத் தரை வரை 17 செ.மீ. வரும்படி நறுக்கிக்கொண்டேன். ஒட்டி உலர்ந்த மாதிரியை விட்டத்தை நோக்கிச் சுழற்றி எறிந்தால் தளம் மாறாமல் சுழன்றபடியே கைக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு மூன்று வீடு எதற்கு என்று விளக்க இதுவே போதுமானதாக இருந்தது.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டின் அறிவு முழுவதும் முற்றத்தின் மேலேதான் இருக்கிறது. அனல் காற்று முற்றத்தின் வழியே மேலே போய்விடுகிறது, மழைநீர் சரிந்த ஓட்டுக்கூரைகளின் வழியே முற்றத்துக்கு இறங்குகிறது, அதைப் பிடிக்க மூலைகளில் கிடாரங்கள் வைக்கிறார்கள். சுழலும் கலத்தில் எடை இருப்பதால் சூடான காற்று அங்கும் மேலே, அதாவது நடுத்தண்டை நோக்கி ஏறும். எனவே முற்றத்தின் உச்சியைக் கண்ணாடியால் மூடி, அதன் விளிம்பில் குளிர்ந்த குழாய்களை ஓடவிட்டால், காற்றின் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். மூச்சிலும் வியர்வையிலும் சமையலிலும் எழுந்த ஈரம் அந்தக் குழாய்களில் நீராகப் படிந்து, சரிந்த கூரை வழியே முற்றத்து மூலைகளுக்குச் சொட்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் காற்றின் ஈரத்தை இப்படிக் குளிர்வித்தே பிடிக்கிறார்கள். கழிவுநீரையும் சேர்த்து 98 சதவீத நீரை மீட்கும் நிலையை 2023இல் எட்டியிருக்கிறார்கள். ஊருணியின் ஒவ்வொரு வளவிலும் நாள்தோறும் சிறிது மழை பெய்யும் என்பதும், அதைப் பிடிக்க மூலைகளில் நான்கு கிடாரங்கள் இருக்கும் என்பதும் இந்தக் கலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

குழாய்கள் வாங்கிய சூட்டை வெளியே விட வேண்டும். வெளியே காற்று இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே வெப்பம் போக முடியும். 27 பாகை செல்சியசில் உள்ள ஒரு சதுர மீட்டர் பலகை ஒரு பக்கத்தில் சுமார் 400 வாட் வெப்பத்தை உமிழும். ஆளுக்கு 3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால் 48 பேருக்கு 144 கிலோவாட். அதற்கு இரு பக்கமும் உமிழும் பலகை 180 சதுர மீட்டர் தேவை. மூன்று கைகளிலும் 60 சதுர மீட்டர் வீதம், விளிம்பு சூரியனைப் பார்க்கும்படி பொருத்தினேன். மாதிரியில் சாக்லேட் உறையின் வெள்ளித் தாளை அட்டையில் ஒட்டியிருக்கிறேன். ‘2001’ படத்தின் கலத்துக்கும் தொடக்க வரைபடங்களில் இத்தகைய பலகைகள் இருந்தன. பார்ப்பவர்கள் அவற்றை இறக்கை என்று எண்ணிவிடுவார்கள் என்பதால் நீக்கப்பட்டன. திரைப்படத்துக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். விளையாட்டில் அந்தப் பலகைகள் அடிபட்டால் வீடு சூடாகும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால் நான் அவற்றை வைத்தே தீர்வது என்று இருந்தேன்.

மூன்றாம் கட்டில் அடுப்படியோடு ஆக்சிஜன் அறையையும் சேர்த்தேன். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.84 கிலோகிராம் ஆக்சிஜன் வேண்டும்; அதை நீரை மின்னாற்பகுத்துப் பெறுவதானால் ஏறத்தாழ 0.95 கிலோகிராம் நீர் செலவாகும். எங்கள் ஊரில் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், மின்னாற்பகுப்பு என்பது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் உள்ள பெயர் அல்ல. வளவு அறைகள் ஒவ்வொன்றும் காற்றுப் புகாமல் மூடக்கூடியவை; உள்ளே அந்தப் புள்ளிக்கு மூன்று நாளைக்குத் தேவையான 10 கிலோகிராம் ஆக்சிஜன் தனியாக இருக்கும். தனித்தனி இருப்பு வைத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இங்கே உயிர்காக்கும் ஏற்பாடாகிறது.

பலகைகளுக்கு வருகிறேன். ஒரு கட்டம் 2 மீட்டரைக் குறிக்கும். கட்டத்தின் அளவு 1 அங்குலம். ஆகவே ஒரு வீடு 30 அங்குல நீளம், 10 அங்குல அகலம். வரைபடத்தை ஃப்ளெக்ஸ் கடையில் வினைலில் அச்சிட்டு, 5 மி.மீ. சன் போர்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நடுவில் 4 அங்குலச் சதுரம் முற்றத்துக்காக வெட்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் பதிக்க ஆத்தங்குடி முறையில் மூன்று சிறு கற்களை வார்த்தேன். ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்புக்கு மெருகேற்றுதல் காரணமல்ல; அது கண்ணாடியின்மேல் வார்க்கப்படுவதால் வருவது. கண்ணாடித் துண்டை ஈரமும் தூசியும் இல்லாமல் துடைத்து, அதன்மேல் இரும்புப் பட்டைச் சட்டத்தை வைத்து, உள்ளே பூ வடிவ அச்சை இறக்க வேண்டும். அச்சைப் பால்மாவு டின்னின் தகட்டைக் கீற்றாக வெட்டி வளைத்து, சந்துகளில் எம்-சீல் வைத்துச் செய்துகொண்டேன். வெள்ளை சிமெண்டும் சலித்த மணலும் ஆக்சைடு நிறமும் கலந்த குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை நேராக மேலே தூக்கியதும், உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவ வேண்டும். மேலேயுள்ள ஈரத்தை அது உறிஞ்சுவதால் நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதன்மேல் சாதாரணச் சிமெண்டுக் கலவையை இட்டு, அழுத்தி, மட்டம் செய்து ஒரு நாள் விட்டு, பிறகு நீரில் ஊறவைத்தால் கண்ணாடி தானாகவே விலகிக்கொள்கிறது. அச்சைத் தூக்கும்போது கை சாய்ந்தால் பூவின் இதழ் இழுபட்டுவிடும் என்பதால் இரு கைகளாலும் தூக்குவது நல்லது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று கற்கள். வீடுகளின் பெயரும் அவையே.

பகடைக்கு ஆறுமுகப் பகடையை நான் விரும்பவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை ஒன்றில் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி கிடைத்தது. ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் தாயம் (ஒன்று) 2 விதம், இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு 1. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் இந்தப் பங்கீடு விளையாட்டு செய்பவருக்குப் பெரிய கொடை. எப்போதும் மூன்றையொட்டி நகர்வு இருக்கும் என்று நம்பித் திட்டமிடலாம், ஆனால் பதினாறில் ஒரு முறை பன்னிரண்டு வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும். அந்தப் பன்னிரண்டையே கதிர்ப்புயலாக்கினேன். சராசரி நகர்வு 3.75 கட்டம்.

மூன்று வீடுகளையும் ஆடும் மூவரும் சேர்ந்து வெல்வதோ தோற்பதோதான் ஆட்டம். செவ்வாய்க்கு மிகக் குறைந்த எரிபொருளில் செல்லும் ஹோமன் பாதை சுமார் 259 நாள் எடுக்கும் என்பதால், பத்து நாளுக்கு ஒன்றாக 26 கட்டம் கொண்ட பயணக் கீற்று; ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம் நகரும். ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு சோழிகள், நான்கு புள்ளிகளுக்காக. சுற்று முடியும்போது ஒரு சோழியாவது முகப்பின் கட்டுப்பாட்டு அறையிலும், ஒரு சோழியாவது மூன்றாம் கட்டின் ஆக்சிஜன் அறையிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதை விலகும், அல்லது காற்று குறையும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் வழக்கம்போல மறுவீச்சு உண்டு. பன்னிரண்டு விழுந்த நொடியில் புயல் மணி அடிக்கும். அதன்பின் மறுவீச்சு கிடையாது. வீட்டுக்கு எட்டு வீச்சுகள் மட்டுமே, ஒளியின் எட்டு நிமிடத்துக்காக. அதற்குள் நான்கு சோழிகளும் நடு அறைக்கு ஏற்றிச்செல்லும் மின்தூக்கியை அடைந்துவிட வேண்டும். ஒரு பயணத்தில் ஏழெட்டுப் புயல் வருகிறது. இயற்கையில் அவ்வளவு வராது, ஆட்டத்துக்கு அது தேவை.

மின்தூக்கியின் இடத்தைத்தான் ஆட்டம் முதலில் சோதித்தது. கலத்திலிருந்து வெளியேறும் காற்றடைப்பு அறை முகப்பில் இருப்பதால் மின்தூக்கியும் அங்கேயே இருக்கட்டும் என்று முதல் வரைபடம் சொன்னது. ஆடிப் பார்த்தால், அடுப்படியிலிருக்கும் ஒரு சோழியை 29 கட்டம் கொண்டுவரவே எட்டு வீச்சும் தீர்ந்துவிடுகிறது, மற்ற மூன்றும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மின்தூக்கியை வளவு முற்றத்துக்குக் கொண்டுவந்து, முகப்புக்கும் வளவுக்கும் இடையே ஒரு பட்டறையைச் சேர்த்து வளவு சரியாக நடுவில் விழும்படி செய்தவுடன், இரு கோடிகளிலும் இருப்பவருக்கு 13 கட்டம் வீதம் 26. நடுவில் திரியும் மற்ற இருவருக்கும் நான்கு கட்டம் மீதம். எட்டு வீச்சின் சராசரி 30. அவ்வளவுதான், ஆட்டம் உயிர் பெற்றுவிட்டது. வேலைக்காகச் சிதறியிருக்க வேண்டும், ஆனால் மிக அதிகமாகச் சிதறக் கூடாது என்ற பதற்றம் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறது. கலத்தின் வடிவமைப்பாகவும் இதுவே சரி: நடுத்தண்டு இருப்பது முற்றத்துக்கு நேர் மேலே. மின்தூக்கி நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஏறும்போது, உள்ளிருப்பவரைச் சுழற்சியின் போக்கிலுள்ள சுவரை நோக்கிச் சுமார் 0.63 மீட்டர்/நொடி² முடுக்கம் தள்ளும் என்பதால், அந்தச் சுவரில் மட்டும் மெத்தையும் கைப்பிடியும் வரைந்திருக்கிறேன்.

கதவுகளின் நேர்கோட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதே கோட்டில் தீயும் காற்றுக் கசிவும் ஓடும் என்பது உண்மை. இருவர் மட்டுமே கொண்ட குழு உருவாக்கி 2012இல் வெளியிட்ட ‘எஃப்டிஎல்’ கணினி விளையாட்டில், கதவுகளைத் திறந்து காற்றை வெளியேற்றித் தீயை அணைக்கலாம். அக்கா மகன் அதை நன்றாக ஆடுவான். அவன் சொன்ன யோசனையின்படி, கட்டுகளுக்கிடையே உள்ள கதவுகளை மூடுவதற்கு ஒரு வீச்சைச் செலவிட வேண்டும், மூடிய கதவைத் திறக்க இன்னொரு வீச்சு என்று விதி சேர்ந்தது. புயலும் தீயும் ஒன்றாக வரும் சுற்றில் இந்த விதி எவ்வளவு கடினமான தேர்வுகளைக் கொண்டுவருகிறது என்பதைப் பார்த்தபின் அதைத் தொடவே இல்லை.

மிக அரிய கேள்வி அப்பத்தாவிடமிருந்து வந்தது. மூன்று பலகைகளையும் பத்தியில் விரித்து ஆடிக்கொண்டிருந்தபோது, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மூணு வீடும் ஒண்ணாக் கூடுனா எல போட எடம் எங்கனப்பா வச்சிருக்க?” என்று கேட்டார்கள். நடுத்தண்டில் எடை இல்லை, அங்கே இலை போட முடியாது. ஆகவே சிவப்பு வீட்டின் இரண்டாம் கட்டில் பந்திக்கூடத்தை 48 பேர் உட்காரும் அளவுக்கு விரித்தேன். விரித்த உடனே கணக்கு மாறியது. மற்ற இரு வீடுகளிலிருந்தும் 32 பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 1,920 கிலோகிராம், ஒரே வீட்டுக்குப் போகிறது. கலத்தின் மொத்த நிறை 600 டன் என்று நான் வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் சுழற்சி மையம் சிவப்பு வீட்டை நோக்கி சுமார் 41 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், கலம் முழுவதும் தள்ளாடும். இதற்குத் தீர்வு நீர்தான். விருந்துக்கு ஆட்கள் வரும் அளவுக்குச் சிவப்பு வீட்டுத் தொட்டியிலிருந்து நீரை மற்ற இரு வீடுகளுக்கும் இறைத்துவிட வேண்டும். 1,920 கிலோ மனிதர்களுக்கு 1,920 லிட்டர் நீர்.

விளையாட்டில் இது இப்படி வந்து சேர்ந்தது: பயணக் கீற்றில் நான்கு கட்டங்கள் விசேஷ நாள். அன்று மற்ற இரு வீடுகளின் எட்டுச் சோழிகளும் சிவப்பு வீட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு சோழி வரும்போதும் ஒரு புளியங்கொட்டை, அதாவது 240 லிட்டர் நீர், சிவப்பு வீட்டிலிருந்து அந்தச் சோழியின் வீட்டுக்குப் போக வேண்டும். கொட்டை போகாமல் சோழி மட்டும் வந்தால் கலம் தள்ளாடும், அடுத்த சுற்றில் எல்லோருடைய நகர்விலும் ஒன்று குறையும். விசேஷத்தைக் கூட்டாமல் விட்டுவிடலாம். ஆனால் கூட்டாவிட்டால் புள்ளிகளுக்கிடையே மனத்தாங்கல் சேர்ந்து, புயல் நேரத்தில் ஒரு வீட்டின் வீச்சை மற்ற வீடு கடன் வாங்க முடியாது. கூடி உண்பதற்கு எடையும் விலையும் பலனும் உள்ள ஒரு விண்வெளி விளையாட்டை நான் வேறெங்கும் ஆடியதில்லை. கலத்தின் இயற்பியலிலிருந்தே அது பிறந்தது என்பதில் எனக்கு மிகுந்த நிறைவு.

செய்து பார்க்க விரும்புவோர் பலகையை வரையும்போது வாசல்களை இரண்டு கட்ட அகலத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளவும். ஒரு கட்டமாக வைத்தால் சோழிகள் ஒன்றையொன்று மறித்து ஆட்டம் நின்றுவிடுகிறது. வினைலை மங்கலான பூச்சில் அச்சிடச் சொன்னால் விளக்கொளி கண்ணில் அடிக்காது. பலகைகளை நடுவே முற்றத்தின் ஓரமாக வெட்டித் துணி நாடாவால் இணைத்தால் மடித்து வைக்கலாம். வார்த்த கற்களை ஒட்டாமல் குழியில் சும்மா இறக்கி வைத்துவிட்டு, மடிக்கும்போது தனியே எடுத்து வைப்பது நல்லது. எங்கள் பலகையில் வெப்பப் பலகைகளுக்கான விதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. ஒரு கையின் பலகை பழுதானால் அந்த வீட்டின் வளவு மழை நின்றுவிடும், மூன்று சுற்றுக்குள் யாராவது வெளியே போய்ச் சரிசெய்ய வேண்டும் என்ற அளவில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.